தலவில: எதிர்பார்த்திருக்க வேண்டிய மரணங்கள்

‘நீராடச் சென்ற இளைஞர் கடலில் மூழ்கிப் பலி.’ இந்தத் தலைப்பை இதுவரை எத்தனை தடவை வாசித்திருப்போம் என்று எம்மில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஊரின் பெயர் மாறும், வயது மாறும், உள்ளே இருக்கும் செய்தி மாறாது. குடும்பத்தினருடன் யாத்திரை சென்றிருந்தார். நண்பர்களுடன் கடலில் இறங்கினார். அலை இழுத்துச் சென்றது. சடலம் பிரேத பரிசோதனைக்காக வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது. மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். அந்த மேலதிக விசாரணையில் என்ன தெரியவந்தது என்று பின்னர் ஒரு செய்தி வருவது மிக அரிது.

போரைக் கடந்துவந்த சமூகம் என்ற வகையில் மரணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க எமக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. எங்கே, எப்போது, யாரால், யாருடைய உத்தரவின் பேரில் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆனால் போருக்கு வெளியே நிகழும் ஒரு சாவு என்று வந்துவிட்டால், அதே நாம் ‘விதி’ என்றும் ‘எதிர்பாராதது’ என்றும் சொல்லி அமைதியாகி விடுகிறோம். உண்மையில் இவற்றில் பல எதிர்பார்த்திருக்கக்கூடியவை. வடக்கிலிருந்து ஆண்டுதோறும் பலர் யாத்திரை செல்லும் தலவிலக் கடற்கரை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டு திருவிழாக்கள், இரண்டு கடல்கள்

புத்தளம்–கொழும்பு வீதியில் பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை அனல் மின்நிலையத்தைக் கடந்து கற்பிட்டியை நோக்கிப் போகும் பாதையில் தலவில இருக்கிறது. ஒடுங்கிய நிலத்துண்டு அது. கிழக்கே அமைதியான புத்தளம் களப்பு, மேற்கே திறந்த கடல். சிலாபம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட புனித அன்னம்மாள் ஆலயம் மேற்குப் பக்கத்தில், கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. தமிழர், சிங்களவர் என்று பாராமல் மக்கள் வருவார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நேர்த்தி வைத்து வருவார்கள். பல குடும்பங்கள் நாட்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, திருவிழா முடிந்தே ஊர் திரும்பும்.

இந்த ஆலயத்தின் தோற்றம் பற்றிய மரபுக் கதைகளில் ஒன்று கடலோடு தொடர்புடையது. ஐரோப்பியக் கப்பலொன்று இந்தக் கரையில் உடைந்து போனதாம். உயிர் தப்பிக் கரையேறியவர்கள் புனித அன்னம்மாளின் உருவத்தை மரத்தடியில் வைத்து வணங்கி, இங்கே ஓர் ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார்களாம். வரலாறு எப்படியிருந்தாலும், கடலில் சாகாமல் தப்பியதற்கு நன்றியாக எழுந்த கோவில் என்றே மக்கள் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடல் ஆபத்தானது என்ற தகவல் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

தலவிலவில் ஆண்டுக்கு இரண்டு பெரிய திருவிழாக்கள் நடைபெறுகின்றன. ஒன்று மார்ச் மாதத்தில், மற்றையது யூலை–ஓகஸ்ட் காலத்தில். ஆலயமும் கரையும் ஒன்றுதான். ஆனால் கடல் ஒன்றல்ல. மார்ச்சில் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்திருக்கும், மேற்குக் கரையில் கடல் பொதுவாக அமைதியாகக் கிடக்கும். யூலையிலும் ஓகஸ்டிலும் தென்மேல் பருவக்காற்று, எங்கள் ஊர்ப் பேச்சில் சோழகம், நேராக இந்தக் கரையை வந்து அடிக்கும். மார்ச்சில் பிள்ளைகளோடு இறங்கிக் குளித்த அதே இடத்தில் ஓகஸ்டில் இறங்கும் ஒருவர், பெயரளவில் மட்டுமே ‘அதே’ கடலில் இறங்குகிறார்.

தெரிந்தவர்கள் யார், தெரியாதவர்கள் யார்?

இது யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. கற்பிட்டியின் சுற்றுலாத் தொழில் முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதே நடக்கிறது. டொல்பின்களையும் திமிங்கிலங்களையும் காட்டும் படகுகள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓடும். அதன் பிறகு கடல் கொந்தளிக்கத் தொடங்க, அந்தத் தொழில் ஓய்ந்துவிடும். மே முதல் ஒக்டோபர் வரை காற்றாடியைப் பிடித்துக்கொண்டு நீரில் சறுக்கும் வெளிநாட்டவர்கள் வருவார்கள். அவர்கள் தேடி வருவதே அந்தப் பலத்த காற்றைத்தான். விமானச் சீட்டு எடுக்கும் முன்பே அவர்களுக்கு இந்தக் கடலின் மாதக்கணக்கு தெரியும்.

மீனவர்களுக்கும் தெரியும். முல்லைத்தீவு வாசகர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேற்குக் கரை மீனவர்கள் சோழகக் காலத்தில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் வந்து வாடி அமைப்பது எமது மீனவர்களின் நீண்டகாலப் பிரச்சினை. அந்த உரிமைப் பிரச்சினையின் நியாயங்கள் தனியாகப் பேசப்பட வேண்டியவை. ஆனால் அவர்கள் ஏன் அந்த மாதங்களில் வருகிறார்கள் என்பதற்கு இயற்கையான காரணம் ஒன்று உண்டு. அப்போது அவர்களுடைய சொந்தக் கடல் தொழிலுக்கு ஏற்றதாக இல்லை. பரம்பரையாகக் கடலில் தொழில் செய்பவர்களே ஒதுங்கிப் போகும் பருவத்தில்தான், கடலோடு பழக்கமில்லாத ஆயிரக்கணக்கானோர் அந்தக் கரையில் திரள்கிறார்கள்.

வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் தெரியும். சிலாபத்திலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு கொந்தளிப்பாகக் காணப்படும் என்ற வரியை அந்தப் பருவத்தில் அடிக்கடி கேட்கிறோம். அந்த அறிவிப்பு யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். மீனவர்களும் கடற்பயணம் செய்வோரும் அவதானமாக இருக்குமாறு கேட்கப்படுகிறார்கள். வவுனியாவிலிருந்து பஸ் பிடித்து நேர்த்திக்கு வரும் குடும்பம் மீனவக் குடும்பமும் அல்ல, கடற்பயணம் செய்வதும் இல்லை. எனவே எச்சரிக்கை காதில் விழுந்தாலும், அது தமக்கானது என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடல் எப்படி இழுக்கிறது?

‘அலை அடித்துச் சென்றது’ என்று எழுதுகிறோம். அலை பொதுவாகக் கரையை நோக்கியே தள்ளும். ஆளை உள்ளே கொண்டுபோவது பெரும்பாலும் வேறொன்று. அடுத்தடுத்து வரும் அலைகள் கரையில் நீரைக் குவிக்கின்றன. குவிந்த நீர் திரும்பிப் போக வழி தேடுகிறது. நீருக்கடியில் உள்ள மணல் திட்டுகளுக்கு இடையே ஒரு வாய்க்கால் கிடைத்தால், அதன் வழியே ஆறுபோல வேகமாகக் கடலுக்குள் பாய்கிறது. நொடிக்கு இரண்டு மீற்றருக்கு மேல் வேகம் கொண்ட இழுவை நீரோட்டங்கள் அளக்கப்பட்டுள்ளன. ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரைசேர முடியாது.

இதில் ஏமாற்றும் விடயம் என்னவென்றால், அந்த வாய்க்கால் இருக்கும் இடத்தில் அலை குறைவாக உடையும். இருபக்கமும் நுரை தெறிக்க, நடுவில் மட்டும் நீர் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளைக் குளிக்க வைக்க நல்ல இடம் என்று ஒரு தாய் தேர்ந்தெடுப்பது அந்த இடமாகவே இருக்கலாம்.

1967 டிசம்பர் 17 அன்று அவுஸ்திரேலியப் பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட், விக்டோரியா மாநிலத்தின் செவியட் கடற்கரையில் நீந்த இறங்கினார். திரும்பி வரவில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பதவியில் இருந்த ஒரு பிரதமர் கடலில் காணாமற்போனதை உலகம் நம்ப மறுத்தது. தற்கொலை என்றார்கள், சீன நீர்மூழ்கிக் கப்பல் வந்து ஏற்றிச் சென்றது என்றுகூட எழுதினார்கள். 2005இல்தான் மரண விசாரணை அதிகாரி முறைப்படி ஆராய்ந்து, கொந்தளிப்பான கடலில் தற்செயலாக மூழ்கி இறந்தார் என்று தீர்ப்பளித்தார். ஹோல்ட் கடலுக்குப் புதியவர் அல்லர். நீருக்கடியில் மீன் வேட்டையாடுவதில் பெயர்பெற்றவர். அந்தக் கரை தனக்குப் பழக்கமானது என்ற துணிச்சலில் அன்றைய கொந்தளிப்பைப் பொருட்படுத்தாமல் இறங்கினார்.

மூழ்குவது பற்றிய எமது கற்பனையும் தவறானது. சினிமாவில் போல ஒருவர் கையசைத்துக் கத்துவார் என்று நினைக்கிறோம். மூழ்குபவரால் பெரும்பாலும் கத்த முடியாது. மூச்செடுக்கவே வாய் போதாது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும், உயர்த்தி அசைக்க முடியாது. அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா இதை விரிவாக ஆராய்ந்து பதிவு செய்தார். முழுமையாக மூழ்கும் முன் இந்த நிலை இருபது முதல் அறுபது நொடி வரைதான் நீடிக்கும். கரையில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுக்கும் நேரம் அது.

அதைக் கண்டவுடன் அண்ணனோ மாமாவோ நண்பனோ குதிக்கிறார். ‘காப்பாற்றச் சென்றவரும் பலி’ என்பது எமது செய்திகளில் அடிக்கடி வரும் இன்னொரு வரி. அன்பு மிகுந்த குடும்பங்களில் ஒரு மரணம் இரண்டாவதும் இப்படித்தான்.

போர் எம்மிடமிருந்து எடுத்த இன்னொன்று

போர்க்காலத்தில் வடக்கின் கடல் பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட கடல். மீன்பிடித் தடைகளும் உயர் பாதுகாப்பு வலயங்களும் கரையோரக் குடும்பங்களையே கடலிலிருந்து பிரித்து வைத்தன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் யார் சொல்லிக் கொடுப்பது? தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயிருக்க வேண்டிய கடலறிவு பல வீடுகளில் ஒரு தலைமுறை அறுந்துபோயிற்று. வன்னியின் உட்பகுதிப் பிள்ளைகள் குளத்திலும் வாய்க்காலிலும் நீந்தப் பழகியவர்கள். குளத்தின் ஆழம் அவர்களுக்குத் தெரியும். ஆளை இழுக்கும் நீரோட்டம் குளத்தில் இல்லை.

2009க்குப் பிறகு பாதைகள் திறந்தன. சுற்றுலாவும் யாத்திரையும் மீண்டும் சாத்தியமாயின. பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த மகிழ்ச்சி அது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் பாதை திறந்த வேகத்தில் அந்த அறிவு திரும்பி வரவில்லை.

அறிவு இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு 2004 டிசம்பர் 26 சாட்சி. நிலநடுக்கத்துக்கும் இலங்கையின் கிழக்குக் கரையில் அலை மோதியதற்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. எச்சரிக்கை வரவில்லை. கடல் உள்வாங்கியபோது பலர் வேடிக்கை பார்க்கப் போனார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தோம். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெயுலுவே தீவில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. அங்கே ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907இல் வந்த பேரலையின் நினைவை ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குக் கடத்தியிருந்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம்.

எமக்கு அண்மைய உதாரணமும் உண்டு. 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது ‘மர்மக் காய்ச்சல்’ என்றே தலைப்புகள் வந்தன. பின்னர் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. தடுப்பு மாத்திரையும் உண்டு. ‘மர்மம்’ என்ற சொல் நோயில் இருக்கவில்லை, எமது தலைப்பில் இருந்தது.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஊடகம். நீரில் மூழ்கிய ஒருவரைப் பற்றி எழுதும்போது வயதும் வைத்தியசாலையும் மட்டும் போதாது. அன்று கடல் எப்படி இருந்தது? எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததா? கரையில் கொடியோ பலகையோ இருந்ததா, எந்த மொழியில் இருந்தது? உயிர்காப்பாளர் எவ்வளவு தூரத்தில் நின்றார்? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டு எழுதினால், அடுத்த செய்திக்கு இடமில்லாமல் போகலாம்.

இரண்டாவது, பொறுப்பில் உள்ளவர்கள். பாதுகாப்பாகக் குளிக்கக்கூடிய பகுதியை இரு கொடிகளுக்கு நடுவே குறித்து, அதற்குள் மட்டும் இறங்கச் சொல்லி, அங்கே காவலை நிறுத்துவது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் எளிய முறை. கரை நெடுகக் கூட்டம் பரவினால் எத்தனை பேரை நிறுத்தினாலும் போதாது. பூசை அறிவிப்புகளோடு அன்றைய கடல்நிலையையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபெருக்கியில் சொல்வதற்குச் செலவே இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2021இல் யூலை 25ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. மறுநாள் யூலை 26 புனித அன்னம்மாளின் நாள். தலவிலவுக்கு இதைவிடப் பொருத்தமான தேதி கிடைக்காது.

மூன்றாவது, நாங்கள். யூலை–ஓகஸ்ட் திருவிழாவுக்குப் போனால் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். மது அருந்தியவரை இறங்க விடாதீர்கள். யாராவது இழுபட்டால் பின்னால் குதிக்காதீர்கள். வெறும் பிளாஸ்ரிக் கானை மூடியிறுக்கி எறியுங்கள், கயிறு எறியுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள். நீங்களே இழுபட்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மல்லாந்து மிதந்து சீராக மூச்செடுங்கள். இயலுமானால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவை குறைந்த இடத்திலிருந்து கரைக்குத் திரும்புங்கள்.

ஊரிலிருந்து யாத்திரைக்கு பஸ் ஒழுங்கு செய்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். காசு சேர்ப்பதும், இடம் பிரிப்பதும், எந்த நேரம் புறப்பாடு என்று சொல்வதும் அவர்தான். அடுத்த ஓகஸ்டில் பாலாவிச் சந்தியில் பஸ் திரும்பும்போது, அவர் எழுந்து நின்று இந்தக் கடலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசட்டும். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் எண்ணிக்கை குறையாமலிருக்க அந்த இரண்டு நிமிடம் உதவும்.