வேலி அறியாத நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. அந்நீரே எமது குடியிருப்புக்கும் தோட்டங்களுக்கும் ஆதாரம். நன்னீர் மட்டம் ஓரடி தாழுமாயின் உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது அறிவியலார் கண்ட விதி. துலா மிதித்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இறைப்பு யந்திரம் வந்தபின் அவ்வெல்லையும் அகன்றது.

கிணற்றுக்குக் காவல் வைக்காதவர்கள் அல்லர் நாம். தண்ணீரின் தூய்மையை அள்ளுபவரின் சாதியால் அளந்த சமூகம் எமது சமூகம். ஒடுக்கப்பட்ட மக்கள் குடத்துடன் காத்துநின்று, பிறர் வார்த்த நீரைப் பெற்றுச்சென்ற வரலாறு மறைக்கவொண்ணாதது. ஆனால், அதே கிணற்றருகே மலக்குழி வெட்டியபோதும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவின்றி யூரியா இட்டபோதும் எவருக்கும் தீட்டுத் தோன்றவில்லை! மனிதன் தொட்டால் நீர் கெடும் என்றனர், கெடுத்ததோ நைத்திரேற்று. வேலிகள் மண்ணுக்கு மேலேதான். பாறைக்குக் கீழே ஓர் வளவின் நீர் மறு வளவுக்கும் செல்கின்றது.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், அந்நீரிற் கரைத்த புட்டிப்பாலை அருந்தும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ மேலும் செறியும். 'எங்கள் கிணறு நல்ல தண்ணீர்' என நாவினால் தீர்ப்பளிப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மக்கள் தம் கண்ணாலேயே கண்டனர். ஆயினும், அனல்மின் நிலையத்தால் நிலத்தடி நீர் மாசுற்றதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது 2019 ஆம் ஆண்டிலேதான். கண்ணுக்குத் தெரிந்த நஞ்சுக்கே இந்நிலை என்றால், தெரியாத நஞ்சுக்கு யார் வழக்காடுவர்?

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதைக் காட்டி, இனிக் கிணற்றைப் பற்றிய கவலை எதற்கு என்பாரும் உளர். குழாய்நீர் வேண்டியதே, அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தோட்டத்துக்கு நீர் ஊட்டுவது கிணறே. குழாய் எட்டாத குடிசையின் தாகம் தீர்ப்பதும் கிணறே. கெடுத்த நீரைக் கைவிட்டுச் செல்லும் வசதி உழைக்கும் மக்களுக்கு இல்லை.

ஆகவே, நீர்ப் பரிசோதனை வசதி படைத்தோர் பணங்கொடுத்துப் பெறும் தனிச்சீட்டாக இருத்தல் தகாது. மாரிக்கு முன்னும் பின்னும், ஆண்டுதோறும் இருமுறை, ஊர்க் கிணறுகள் பொதுச் செலவில் பரிசோதிக்கப்படல் வேண்டும். முடிவுகள் அலுவலகக் கோப்புகளில் உறங்காது, எளிய தமிழில், வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். அள்ளுபவரைச் சோதித்தது போதும். இனி அள்ளும் நீரைச் சோதிப்போம்.