டர்ன் டவுன் என்றால் கீழே திரும்புவதா?

டர்ன் என்றால் திரும்பு, டவுன் என்றால் கீழே. ரெண்டையும் கூட்டிப் பார்த்தால் அர்த்தம் வராது. டி.வி.யை டர்ன் டவுன் பண்ணினால் சத்தம் குறையும். வந்த வேலையை டர்ன் டவுன் பண்ணினால் வேண்டாம் என்று மறுப்பது. லேத்தில் 25 மி.மீ. ராடை 20-க்கு டர்ன் டவுன் செய் என்றால் விட்டத்தைக் குறைக்கணும். 'இட்' சேர்த்தால் நடுவில்தான் வரும்: டர்ன் இட் டவுன். இதிலென்ன அதிசயம்? நம்ம 'தட்டிக்கழி'க்கிறதில் யார் எதைத் தட்டுகிறார்கள்?

எங்க வீட்டில் இங்கிலீஷ் சொல்லித்தர ஆளில்லை. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான். இன்டர்வியூவில் இந்த ரெட்டைச் சொல் புரியாவிட்டால், லேத் வேலை தெரிந்தும் வாய் திறக்க முடியாது. கிராமர் புத்தகத்தில் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண். ஒர்க் ஷாப்பில் மெஷின் பக்கத்திலேயே, தமிழில் விளக்கிச் சொல்லித்தரணும். அதற்கு வாரம் ஒரு பீரியடை நம் யூனியன் கேட்டு வாங்கட்டும்.