அமைதிப் பள்ளத்தாக்கு புகட்டும் பாடம்

ஆறு ஒன்றைக் காக்க முனைவோரை முன்னேற்றத்தின் பகைவர் என்று தூற்றுவது ஆள்வோரின் பழைய வழக்கம். அதற்குத் தக்க விடை கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கிலே கிடைத்தது என்பதே நமது துணிபு.

பாலக்காட்டு மாவட்டத்து மலைகளிலே ஓடிவந்து, ஈற்றில் பாரதப்புழையைச் சேர்வது குந்திப்புழை. இவ்வாற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973 இல் இந்தியத் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 830 ஹெக்டேயர் நிலம் நீரில் அமிழ இருந்தது. மலபாருக்கு ஒளி, ஏழைக்குத் தொழில் என்றனர் அணையை வேண்டியோர். அவ்வேண்டுகோளில் நியாயம் இல்லாமலில்லை. மலபாரின் மின்பசி மெய்யானதே. சிங்கவால் குரங்குக்காக மனிதன் இருளில் கிடப்பதா என்று அவர்கள் கேட்டதும் இயல்பே.

இக்கேள்விக்குக் கண்ணீர் மட்டும் விடையாகாது. இதனை உணர்ந்தது, 1962 இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத். ஊதியம் கருதாத ஆசிரியரும் அறிஞரும் தொண்டாற்றும் இயக்கம் அது. உயிரியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் ஆகிய துறைகளில் வல்லோர் ஒருங்கு கூடித் திட்டத்தை ஆராய்ந்து, 1979 இல் அறிக்கை வெளியிட்டனர். மலபாரின் மின்தேவையை வேறு வழிகளால் நிறைவேற்றலாம் என வாதிட்டனர். கவிஞர் சுகதகுமாரி போன்றோர் மக்களின் நெஞ்சைத் தொட்டனர். இவர்களோ அறிவைத் தொட்டனர். 1983 இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டிலோ, எதிர்ப்புக்களுக்கிடையே மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் நிறைவெய்தியது. மின்சாரம் கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆயின், தலவாக்கலையின் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தன் பெருக்கின் பெரும்பகுதியை இழந்தது.

அணையே வேண்டாம் என்பதன்று நமது கோரிக்கை. ஆற்றின் வரவையும் செலவையும் மக்களும் கணக்கிடவேண்டும் என்பதே. எந்த மாதத்தில் ஆறு எவ்வளவு தரும் என்பதைக் கமக்காரன் அறிவான். அவ்வறிவை எண்ணாக்கும் திறன் பொறியியலாளனுக்கு உண்டு. அதனைச் சட்டத்தின் மொழியில் உரைக்க வழக்கறிஞன் வல்லன். இம்மூவரும் ஒரே திண்ணையில் அமர்ந்தாலன்றி, ஆற்றுக்காக எழும் குரல் ஆட்சியாளரின் செவியில் ஏறாது. அடிக்கல் நாட்டிய பின்னர் கூடிப் பயனென்ன? வரைபடம் மேசையில் கிடக்கும்போதே கூடுவோமாக!