பாத்திரத்துக்குச் சொந்த ஊர் எது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய கேரக்டர் ஷீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பலம் எவ்வளவு, கவசம் என்ன, மந்திரம் எத்தனை என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருப்பார்கள். ‘மொழிகள்’ என்ற இடத்தில் மட்டும் ‘காமன், எல்விஷ்’ என்று இரண்டே சொல். அந்த வரிக்கு யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிப்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் நிரப்ப வேண்டியதே அதுதான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையைச் சேர்ந்து நடத்துவார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தையும் வழியில் எதிர்ப்படும் அத்தனை பேரையும் அவர்தான் பேசிக் காட்டுவார். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட விளையாட்டு இது. எங்கள் நண்பர் குழுவுக்கு நான்தான் டன்ஜன் மாஸ்டர். வாரம் முழுக்க வானொலியில் பேசியது போதாமல் ஞாயிற்றுக்கிழமையும் பேச எனக்கு ஓர் இடம்.

2024-இல் விதிகள் மாறும்வரை இந்த விளையாட்டில் மொழி பெரும்பாலும் இனத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. எல்ஃப் என்றால் எல்விஷ். குள்ளர் என்றால் டுவார்விஷ். எல்லோருக்கும் பொதுவாக ‘காமன்’ என்றொரு மொழி. 2014-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பட்டியலில் மொத்தம் 16 மொழிகள். அவற்றில் மனிதர் நாடு ஒன்றின் பெயரில் ஒரு மொழிகூடக் கிடையாது.

அதற்கு முன்பே, 2001-இல் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகத்துக்காக வந்த புத்தகம் வேறு மாதிரி யோசித்திருந்தது. உன் பாத்திரம் எந்த வட்டாரத்தில் பிறந்தது என்று அது கேட்டது. என்ன மொழி இயல்பாகத் தெரியும், மேற்கொண்டு எதைக் கற்கலாம், என்னென்ன தனித்திறமைகள் வரலாம் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. வடக்குக் கடலோரத்தில் வளர்ந்தவன் இலஸ்கன் பேசுவான். தெற்கே கலிம்ஷானில் வளர்ந்தவன் அல்செடோ பேசுவான். இருவரும் மனிதர்கள்தாம், வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடும்.

எங்கள் வேலையில் இது தினமும் நடப்பது. காலையில் அழைக்கும் நேயர் “பசியாறிட்டீங்களா?” என்று தொடங்கினால் நம்மூர்க்காரர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் “சாப்டீங்களா?” என்பார். இரண்டும் தமிழ்தான். ஆனால் அந்த ஒரு சொல்லில் ஒரு கடல் தூரம் இருக்கிறது.

எல்லோரும் காமன் பேசினால் கதை வேகமாக நகரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காமன் யாருடைய தாய்மொழி? இதற்குப் பதில் தேட நாம் கற்பனை உலகத்துக்குப் போக வேண்டாம், மலாக்காவுக்குப் போனால் போதும். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபின் அங்கே வந்து தங்கிய தோமே பிரெஸ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் காதில் விழுவதுண்டு என்று எழுதிவைத்திருக்கிறார். சுல்தான் ஆட்சியில் வெளியூர் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர். ஜாவா, மாலுக்கு, போர்னியோ பக்கத்தவர்களுக்கு ஒருவர். சீனா, சம்பா, ரியூக்கியூ பக்கத்தவர்களுக்கு ஒருவர். கப்பல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் இந்தப் பிரிவினை.

இத்தனை பேருக்கும் நடுவில் ‘காமன்’ வேலையைச் செய்தது மலாய். அது வானத்திலிருந்து விழுந்த பொதுமொழி அல்ல. அந்த ஊர்க்காரர்களுக்குத் தாலாட்டு மொழி. கரையிறங்கியவர்களுக்கு பாசார் மொழி. இரு தரப்பும் ஒரே மொழியில் விலை பேசினாலும், சொந்த மொழியில் பேசுகிறவனுக்கு ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும். வந்தவர்களும் அந்த மொழியைச் சும்மா விடவில்லை. கடை அங்கே கெடாய் ஆனது, கப்பல் காப்பால் ஆனது, பெட்டி பெத்தி ஆனது, முதல் மொடால் ஆனது. தமிழர் அந்தக் கரையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இந்த நாலு சொல்லே சொல்லிவிடும். உங்கள் கற்பனைத் துறைமுகத்தின் காமனிலும் இப்படி நாலு கடன் சொற்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு வரலாறே தானாக வந்து உட்காரும்.

மொழியை இனத்தோடு கட்டிப்போட முடியாது என்பதற்கும் சாட்சி மலாக்காவிலேயே இருக்கிறது. அங்குள்ள மலாக்கா செட்டிகள், அந்தக் காலத்தில் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். காஜா பேராங்கில் அவர்களுடைய கம்பம். கோயிலும் பொங்கலும் இன்றைக்கும் அவர்களிடம் உண்டு. வழிவழியாக வீட்டில் பேசுவதோ மலாய். ‘இனம் இது, ஆகவே மொழி இது’ என்ற விதியை வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஒரு கேரக்டர் ஷீட் எழுத முடியுமா?

அதனால் எங்கள் மேசையில் அந்த ஒரு வரியை நான்காக்கினோம். வீட்டில் பேசுவது எது? பாசாரில் பேசுவது எது? எழுதப் படிக்கத் தெரிந்தது எது? கேட்டால் புரியும், ஆனால் பேச வராது என்பது எது? அந்த நான்காவது வரி விளையாட்டு விதிகளில் இல்லை. விதிப்படி ஒரு மொழி உனக்குத் தெரியும், அல்லது தெரியாது.

எங்களில் ஒருவரின் பாத்திரம் துறைமுகக் காவலன். பாட்டியின் மலைநாட்டு மொழியை அவர் நான்காவது வரியில் எழுதியிருந்தார். மூன்றாவது வாரம், சுங்கச்சாவடியில் ஒரு மலைநாட்டுக் கிழவியின் மூட்டையைப் பறிக்கப் பார்த்தார்கள். “இந்தக் காகிதத்தில் என்னப்பா எழுதியிருக்கு?” என்று அவள் அவனைப் பார்த்துக் கேட்டாள். கேட்டது அவனுக்கு முழுக்கப் புரிந்தது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. நண்பர் பகடையை எடுத்தார். இதற்குப் பகடை கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாட்டியிடம் கேட்டுப் பழகிய மூன்று சொற்களை மட்டும் சொன்னார்: “பாட்டி. உட்கார். சாப்பிடு.” பிறகு கிழவியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சுங்க அதிகாரியிடம் காமனில் சண்டை போட்டார்.

அன்றைக்கு மேசையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அங்கிருந்த ஐந்து பேரில் ஒருவருடைய பாட்டி பேசியது ஹாக்கா, இன்னொருவருடைய பாட்டி பேசியது தெலுங்கு. இருவருக்கும் அது நான்காவது வரி.

நேயர்களிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். “என் தமிழ் அவ்வளவா நல்லா இருக்காது, மன்னிச்சிக்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டே கேட்பார்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம் நிகழ்ச்சியை ஒரு சொல் விடாமல் கேட்டுச் சிரித்திருப்பார்கள். தெரியும், தெரியாது என்று இரண்டே கட்டம் வைத்தால் இவர்கள் ‘தெரியாது’ பக்கம் போய்விடுவார்கள். பிறகு முயற்சி செய்யவும் கூச்சம் வந்துவிடும். ‘புரியும்’ என்று ஒரு கட்டம் கொடுத்தால், அங்கிருந்து ஒவ்வொரு சொல்லாக முன்னேற வழி இருக்கிறது. எங்கள் காவலன் இப்போது அந்தக் கிழவியிடம் வாரம் ஒரு சொல் கற்றுக்கொள்கிறான். கதையில்தான், ஆனால் அந்தச் சொற்களை நண்பர் தம் வீட்டில் கேட்டுத்தான் கொண்டுவருகிறார்.

வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் புதுப் பாத்திரம் உருவாக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எல்ஃபா, குள்ளரா என்று முடிவெடுக்கும் முன் கேளுங்கள்: இவன் எந்த ஊரில் பிறந்தான்? அங்கே பாசாரில் என்ன பேசுவார்கள்? இவன் பாட்டி என்ன பேசுவார்? கடைசிக் கேள்விக்குப் பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்த்தால், அவர்கள் பாட்டி பிறந்த ஊரிலிருந்து ஆரம்பியுங்கள்.