மூளைக் கொழுப்பு போட்ட விடுகதை

கொழுப்பு என்றதும் எல்லோருக்கும் தொப்பை நினைவு வரும். அடுத்தபடியாக மாரடைப்பு நினைவு வரும். திமிர் பிடித்தவனைக்கூட, "அவனுக்குக் கொழுப்பு அதிகம்" என்றுதான் ஊரில் சொல்லுவார்கள்.

ஆனால், எல்லாக் கொழுப்பும் தொப்பையில் படுத்துக் கிடப்பதில்லை. உடம்புக்குள் தபால்காரன் வேலை பார்க்கும் கொழுப்பும் உண்டு! நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களுக்கு, "புறப்படு" என்று உத்தரவு கொண்டு போகும் கொழுப்பு அது.

அதன் வேலையைக் கண்டுபிடிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. "இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?" என்று கேட்கிற ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டிய கதை இது.

பூதத்தின் பெயர்

லண்டன் நகரில் தூடிக்கம் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1829-ம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறியவர். மூளை என்னென்ன பொருள்களால் ஆனது என்று அறிய அவருக்கு ஆவல். மாட்டு மூளை, மனித மூளை இரண்டையும் ரசாயன முறையில் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

மூளைக் கொழுப்பில் ஒரு புதிய பொருள் அகப்பட்டது. அதன் குணம் அவருக்குப் பிடிபடவே இல்லை.

கிரேக்க நாட்டுப் பழங்கதையில் "ஸ்பிங்ஸ்" என்று ஒரு பூதம் வரும். அதற்குப் பெண் முகம், சிங்க உடல். வழியில் போகிறவர்களை மறித்து விடுகதை போடும். விடை சொல்லத் தெரியாதவர்களைக் கொன்றுவிடும். விக்கிரமாதித்தனிடம் கேள்வி கேட்ட வேதாளத்துக்கு இது அக்கா முறை என்று வைத்துக் கொள்ளலாம்!

அந்தப் பூதத்தை நினைத்து, தாம் கண்ட பொருளுக்கு "ஸ்பிங்கோசின்" என்று பெயர் வைத்தார் தூடிக்கம். 1884-ம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அதை எழுதினார்.

அவர் காலத்து அறிஞர்கள் சிலர் அவரை நம்பவில்லை. அவருடைய முடிவுகள் தவறு என்று குறை கூறினார்கள். விடுகதைக்கு விடை தெரியாமலே, 1901-ம் ஆண்டு அவர் கண்ணை மூடினார்.

சுவர் அல்ல, தூதன்!

அந்தப் பொருளின் அமைப்பைச் சரியாக அறியவே 1947-ம் ஆண்டு ஆயிற்று. கண்டு சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி ஹெர்பர்ட் கார்ட்டர்.

அதற்குப் பிறகும் பல காலம், "இது உயிரணுவின் சுவரில் இருக்கும் பூச்சு. வேறு வேலை இல்லை" என்றே பலரும் எண்ணினார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் ஒருவர் சாரா ஸ்பீகல் என்ற பெண் விஞ்ஞானி. ஸ்பிங்கோசினோடு பாஸ்பேட் என்ற சிறு துணுக்கு சேர்ந்தால் ஒரு புதிய பொருள் உண்டாகும். அதன் பெயரைச் சுருக்கி "எஸ்-1-பி" என்கிறார்கள். இது உயிரணுக்களைப் பெருகச் செய்கிறது என்று 1991-ம் ஆண்டு ஸ்பீகலின் குழு தெரிவித்தது.

1996-ம் ஆண்டு அந்தக் குழு இன்னொரு செய்தியும் சொன்னது. இந்தக் கொழுப்புக் குடும்பத்தில் "செரமைடு" என்று ஒன்று உண்டு. செரமைடின் கை ஓங்கினால் உயிரணு சாகும். எஸ்-1-பியின் கை ஓங்கினால் பிழைக்கும். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு பேர், தராசின் இரண்டு தட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்!

நெறிக்குள் நடப்பது என்ன?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும். எல்லோரும் கண்டதுதான்.

நெறி என்பது உடம்பின் படை முகாம். கிருமி வந்த செய்தி எட்டியதும், வெள்ளை அணுக்கள் அங்கே பெருகுகின்றன. பிறகு சண்டைக்குப் புறப்படுகின்றன.

எந்த வழியாக வெளியே போவது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் எஸ்-1-பி வருகிறது. முகாமுக்குள்ளே அது குறைவு. வெளியே ரத்தத்தில் அது அதிகம். எறும்பு வெல்லத்தின் வாசனை பிடித்துப் போவது போல, வெள்ளை அணு அதை மோப்பம் பிடித்து வெளியேறுகிறது.

மோப்பம் பிடிக்க, வெள்ளை அணுவின் மேல் "மூக்கு" போன்ற ஓர் உறுப்பு உண்டு. அது இல்லாத வெள்ளை அணுக்கள் முகாமிலேயே அடைபட்டுக் கிடந்ததை, 2004-ம் ஆண்டு ஜேசன் சைஸ்டர் என்ற விஞ்ஞானியின் குழு எலிகளில் காட்டியது.

காளானில் பிறந்த மருந்து

இதற்கிடையே ஜப்பானில் வேறு ஒரு வேலை நடந்து கொண்டிருந்தது.

பூச்சியின் மேல் முளைக்கும் ஒருவகைக் காளானைக் கியோத்தோ பல்கலைக் கழகப் பேராசிரியர் தெத்சுரோ புஜித்தா ஆராய்ந்தார். அதிலிருந்து எடுத்த பொருளுக்கு, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் குணம் இருந்தது. அதன் அமைப்பு ஸ்பிங்கோசினை ஒத்திருந்தது! அதைத் திருத்தி அமைத்து, "பிங்கோலிமோடு" என்ற மருந்தைப் புஜித்தாவும் அவருடன் இருந்தவர்களும் உண்டாக்கினார்கள்.

மருந்து வேலை செய்தது. எப்படி வேலை செய்கிறது என்பது 2002-ம் ஆண்டில்தான் தெரிந்தது. உடம்புக்குள் போனதும் அதுவும் ஒரு பாஸ்பேட் துணுக்கை ஒட்டிக் கொள்கிறது. எஸ்-1-பி போல வேஷம் போட்டு, வெள்ளை அணுவின் "மூக்கை" அடைத்து விடுகிறது. வழி தெரியாத வெள்ளை அணு முகாமிலேயே தங்கி விடுகிறது.

படைவீரனை முகாமில் அடைத்து வைப்பதால் என்ன லாபம்?

சில நேரங்களில் வேலியே பயிரை மேய்ந்து விடுகிறது. "மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்" என்ற நோயில், காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகின்றன. மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பது போல நரம்புக்கும் உறை உண்டு. அந்த உறை அரிக்கப்படுகிறது. கண் மங்கும், கால் தள்ளாடும், கை மரத்துப் போகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் இது தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய தாய், ஊன்றுகோல் பிடிக்க நேர்கிறது.

இந்த நோய் திரும்பத் திரும்பத் தாக்காமல் தடுக்க, அதுவரை பெரும்பாலும் ஊசி மருந்துகளே இருந்தன. 2010-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு பிங்கோலிமோடுக்கு அனுமதி கொடுத்தது. அந்த நோய்க்கு வாயால் விழுங்கும் முதல் தடுப்பு மருந்து என்று அது பெயர் பெற்றது.

இன்னொரு அதிசயம்! நரம்பின் மேலுறையில் இருப்பதும் ஸ்பிங்கோசின் குடும்பத்துக் கொழுப்புதான். தூடிக்கம் மூளையைப் பிரித்துப் பார்த்தபோது அகப்பட்டதும் அதே குடும்பம்தான்.

இரண்டு பக்கமும் கூர்

இந்த மருந்து நோயை அடியோடு ஒழிப்பதில்லை. தாக்குதலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். முதல் மாத்திரை விழுங்கியதும் சிலருக்கு இதயத் துடிப்பு குறையும். அதனால் ஆறு மணி நேரம் டாக்டர்கள் பக்கத்தில் இருந்து கவனிக்கிறார்கள். வெள்ளை அணுக்களை அடைத்து வைப்பதால் தொற்று நோய் வரவும் இடம் உண்டு. டாக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தினால் நோய் சீறிப் பாயலாம்.

எதிர்ப்பு சக்தி "கூடக் கூட நல்லது" என்று நினைப்பது தவறு. குறைந்தால் கிருமி கொல்லும். தடம் மாறினால் சொந்தப் படையே கொல்லும்.

குடலில் புண்ணும் அழற்சியும் நீடித்தால், அது புற்றுநோயில் முடிவதும் உண்டு. அதிலும் எஸ்-1-பிக்குப் பங்கு இருக்கிறது என்று 2013-ம் ஆண்டு ஸ்பீகலின் குழு எலிகளில் கண்டது. பெருங்குடல் புண் நோய்க்கு, பிங்கோலிமோடின் வழியில் வந்த "ஓசானிமோடு" என்ற மருந்தை 2021-ம் ஆண்டு அமெரிக்கா அனுமதித்தது.

விடை என்ன?

1884-ம் ஆண்டுக்கும் 2010-ம் ஆண்டுக்கும் இடையே 126 ஆண்டுகள். அத்தனை காலமும், "மூளைக் கொழுப்பைக் கிண்டி என்ன ஆகப் போகிறது? பூச்சிக் காளானால் யாருக்கு லாபம்?" என்று சொல்லி, பணத்தையும் ஆதரவையும் நிறுத்தியிருந்தால், அந்த மாத்திரை பிறந்திராது.

தென்னை வைத்தவன் அன்றே இளநீர் கேட்பதில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அரசாங்கங்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். உடனே பலன் தரும் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் பணம் என்றால், நாளைய நோயாளிக்கு மருந்து இராது.

வீட்டிலும் அப்படித்தான். "இது ஏன்? அது எப்படி?" என்று குழந்தை கேட்டால், "சும்மா இரு" என்று வாயை அடைக்க வேண்டாம்.

ஸ்பிங்ஸ் பூதம் போட்ட விடுகதை இதுதான்: காலையில் நாலு கால், நடுப்பகலில் இரண்டு கால், மாலையில் மூன்று கால்; அது என்ன?

விடை: மனிதன். குழந்தையாய்த் தவழ்கிறான், வளர்ந்து நிமிர்ந்து நடக்கிறான், முதுமையில் கோல் ஊன்றுகிறான்.

நடுப்பகலிலேயே ஒருவன் கையில் கோல் ஏறாமல் தடுப்பதற்குத்தான் இத்தனை பாடும்!