குபேரனிடம் எழுதிய பத்திரம்



திருப்பதிக்குப் போகும் வழியில் புத்தூரைத் தாண்டுகிறவர்களில் பாதிப் பேர் கூடப் பக்கத்திலிருக்கும் நாராயணவனத்துக்குப் போவதில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். திருமலை சீனிவாசருக்கும் ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் கல்யாணம் நடந்த ஊர் இதுதான் என்பது ஐதிகம். கல்யாண வெங்கடேசப் பெருமாள் என்றே அங்கே சுவாமிக்குப் பெயர்.

இந்தக் கதையின் முன்பாதி முழுக்கக் காதல். வேட்டைக்கு வந்த இடத்தில் தோட்டத்துப் பெண்ணைப் பார்க்கிறார். கல்லடி படுகிறார். மலைக்குத் திரும்பிச் சோறு தண்ணீர் இல்லாமல் படுக்கிறார். வளர்ப்புத் தாய் வகுளாதேவி பெண் கேட்டுப் போவதற்குள் பொறுக்காமல், குறி சொல்லும் குறத்தியாகவும் வேடம் கட்டுகிறார்.

சம்மதம் கிடைத்த பிறகுதான் சங்கடம். சம்பந்தியோ ராஜா. மாப்பிள்ளை குடியிருந்ததோ புற்றில். மகாலட்சுமி கோபித்துக்கொண்டு கொல்லாப்பூர் போய்விட்டதால் கையில் காசில்லை. ஆகாசராஜன் பணம் கேட்டதாக நம் பாட்டிமார் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ராஜா வீட்டு வாசலில் வெறுங்கையோடு நிற்க முடியுமா? குபேரனிடம் 1 கோடியே 14 லட்சம் பொன் கடன். பிரம்மாவும் சிவனும் சாட்சி. உண்டியலில் விழுவது அந்தக் கடனுக்கான வட்டி என்கிறார்கள். கீழ்த்திருப்பதியில் கோவிந்தராஜர் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பது, பணத்தை அளந்து களைத்ததால்தானாம்! கல்யாணச் செலவை இத்தனை பச்சையாகச் சொல்லும் காதல் கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே கல்யாணம்தான் வருமானம். நாயகன் டார்சி நடன மண்டபத்தில் நுழைந்த சற்று நேரத்துக்குள் ‘வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டாம்’ என்று ஊரே பேசுகிறது. எல்லோரும் நாயகி எலிசபெத்தைக் கொண்டாடுவார்கள். எனக்கு அவள் தோழி சார்லட் மேல்தான் பரிவு. வயது 27, அழகில்லை, சொத்தில்லை. காலின்ஸ் ஒரு அசடு என்று தெரிந்தே, ஒரு வீடு வேண்டும் என்பதற்காக அவனைக் கட்டிக்கொள்கிறாள். அதைத் தோழியிடம் மறைக்கவும் இல்லை. தன் பெண்ணுக்கு ‘நல்ல இடம்’ தேடும் எந்தத் தாய்க்கும் சார்லட்டைக் கண்டிக்க வாய் வராது.

சார்லட்டாவது தானே முடிவு செய்தாள். குரஜாடா அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ நாடகத்தில், பணத்துக்காகச் சின்னப் பெண்ணைக் கிழவருக்குக் கொடுக்க அப்பாவே பேரம் பேசுகிறார். விஜயநகரத்தில் 1892-இல் மேடையேறிய நாடகம். அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கதைகள் போகட்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்யாணக் கணக்கு நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். கடன் யாரிடம், எதற்காக, எப்போது அடைந்தது என்று எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்