பிள்ளைக்கு வயசாச்சு... ரோட்டுக்கு?

"எத்தனை வயசில் பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க விடலாம்?" பெற்றோர் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்விதான். ஏழு என்பார் ஒருவர், பத்து என்பார் இன்னொருவர், பத்தாவது முடிக்கட்டும் என்பார் மூன்றாமவர். கேள்வியே தப்பு.

ரோடு கடக்கத் தெரியுமா, அப்பா நம்பர் மனப்பாடமா, தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காமல் இருக்குமா... எல்லாப் பரீட்சையும் பிள்ளைக்குத்தான். ஒரு கையில் செல்போனோடு ஸ்கூட்டர் ஓட்டி வரும் அங்கிளுக்கு ஒரு பரீட்சையும் கிடையாது. நடைபாதையை மறித்து நிற்கும் காருக்கும் கிடையாது.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்பவரும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தார்கள். 1971-இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் 9 சதவீதம்! பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகளுக்கு மூளை மழுங்கிவிட்டதா என்ன? பெருகியது வண்டிகள். விபத்தில் சாகும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் ரோடு திருந்தியதால் அல்ல, பிள்ளைகளே ரோட்டை விட்டு விலக்கப்பட்டதால் என்றார்கள் அவர்கள். இந்த லட்சணத்தில், தப்பாக ஒரு அடி வைத்தால் சாவுதான் என்று அந்த ஊர் அரசாங்கம் சுவரொட்டி போட்டு மிரட்டியது பிள்ளைகளை. வண்டி ஓட்டுபவரை அல்ல.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மத்திய விதிகள், 1 முதல் 5 வரை வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டர் நடை தூரத்தில் பள்ளி வேண்டும் என்கின்றன. அதாவது, பிள்ளை நடக்கும் என்று சட்டமே நம்புகிறது. நடக்க வழி?

காலை எட்டரைக்கு ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். பயந்துபோய் பிள்ளையைக் காரில் கொண்டுவரும் அப்பாதான், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து. பொருளாதாரப் புத்தகத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர்: சுகம் ஒருவருக்கு, செலவு தெருவில் போகும் எல்லாருக்கும். அந்தச் செலவைக் கட்டுவது யார்? கார் இல்லாத வீட்டுப் பிள்ளை. அதற்கு "எத்தனை வயசில்" என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே அக்கா கையைப் பிடித்து நடக்கிறது.

கடத்தல் பயம்? இருக்கத்தான் செய்கிறது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து போகும் தெருவில் அது குறையுமா, ஒற்றைப் பிள்ளை போகும் தெருவிலா?

காலை அரை மணி, மாலை அரை மணி, பள்ளி வாசலுக்கு 200 மீட்டர் முன்பே எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். முதலில் சண்டைக்கு வருவது, வயசு கேட்ட அதே அப்பாதான்.